கைதட்டல் உங்களுக்கு, கேள்வி அவருடையது

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளி மண்டபத்துக் கூட்டத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி பற்றிப் பேச்சு வந்தது. "கருவை அழிப்பது பாவம்" என்றார் கத்தோலிக்க நண்பர். "அப்படியென்றால் ரத்தப் புற்றுநோய்க்காரன் சாகட்டுமா? இரக்கமே கிடையாதா?" என்று கேட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. நான் கேட்டதில் என்ன தவறு?
- வாசகர், சுங்கை சிப்பூட்

பதில்: தவறுதான் ஐயா. ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச்செல். ரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றும் ஸ்டெம் செல்லை எலும்பு மஜ்ஜையிலிருந்தோ, ரத்தத்திலிருந்தோ, தொப்புள்கொடி ரத்தத்திலிருந்தோ எடுக்கிறார்கள். அதில் எந்தக் கருவும் அழிவதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையும் அதை எதிர்க்கவில்லை. நண்பர் சொல்லாத ஒன்றுக்காக அவரை இரக்கமில்லாதவர் ஆக்கிவிட்டீர்கள்.

அவர் சொன்னது வேறு செல். 1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் குழு மனிதக் கருவிலிருந்து முதன்முதலாகப் பிரித்து வளர்த்தது அது. ஐந்தாறு நாள் கரு என்பது நூறு சொச்சம் செல் கொண்ட ஓர் உருண்டை. உள்ளே ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும் செல்கூட்டத்தைப் பிரித்தெடுத்தால் கரு அதோடு முடிந்தது. சோதனைக்குழாய்க் குழந்தைச் சிகிச்சையில் மிஞ்சி, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 பாகையில் கிடந்து, எப்படியும் வீணாகப்போகும் கரு ஒரு நோயாளிக்கு உதவட்டுமே என்பது ஒரு பக்கம். பெற்றோர் எழுத்தில் சம்மதித்தால் நானும் இந்தப் பக்கம்தான். ஆனால், "அழியப்போகும் உயிர் என்பதால் எடுத்துக்கொள்ளலாமா?" என்று அவர் கேட்டால் அது கனமான கேள்வி. நீங்கள் அதைத் தொடவே இல்லை.

'மதமா, அறிவியலா' என்றும் இதைப் பிரிக்க முடியாது. பிரிட்டனில் அரசு அமைத்த வார்னாக் குழு 1984-இல், கருவை ஆராய்ச்சிக்கு வைத்திருக்க 14 நாள் என்று எல்லை வகுத்தது. ஏறக்குறைய அப்போதுதான் உடலின் அச்சாக ஒரு கோடு கருவில் தோன்றுகிறது. நம் மலேசியாவில், இஸ்லாமியச் சமயத் தீர்ப்பு சொல்லும் தேசிய ஃபத்வா மன்றம் 2005-இல், மிஞ்சிய கருவைப் பயன்படுத்தலாம் என்றது. இரண்டு மதத்தாரும் உயிரை மதிக்கிறார்கள், எல்லைக்கோட்டை வேறு வேறு இடத்தில் போடுகிறார்கள்.

இந்தத் தயக்கம் ஆராய்ச்சியைக் கெடுத்தது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஜப்பானின் ஷின்யா யமனாகா, நண்பரின் மருத்துவமனையில் நுண்ணோக்கி வழியே ஒரு கருவைப் பார்த்து, இதற்கும் தம் மகள்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லையே என்று நினைத்தவர். 2006-இல் எலியின் தோல் செல்லில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கருச்செல் போலவே மாற்றிக் காட்டினார். அடுத்த ஆண்டு மனிதச் செல்லிலும் செய்தார். 2012-இல் நோபல் பரிசு. ஆனால், அந்த நான்கு மரபணுக்களில் ஒன்று புற்றுநோயைத் தூண்டக்கூடியது. மாற்றிய செல் சரியாக வந்ததா என்று ஒப்பிடவும் கருச்செல்தான் தேவைப்பட்டது. அதனால் விவாதம் தீர்ந்துவிடவில்லை.

அவர் வீட்டுக்குப் போங்கள். ரத்தப் புற்றுநோய் பற்றிச் சொன்னது தவறு என்று முதலில் சொல்லுங்கள். பிறகு அவருடைய வாதத்தை, "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று அவரே தலையாட்டும் அளவுக்கு உங்கள் வாயால் சொல்லிக் காட்டுங்கள். "மிஞ்சிய கருக்களை என்ன செய்யலாம் என்கிறீர்கள்?" என்று அதற்கப்புறம் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அடுத்த கூட்டத்தில், கைதட்டியவர்கள் முன்னாலேயே அந்தத் திருத்தத்தையும் சொல்லிவிடுங்கள்.