இரசாயனவியலோடு நூதனசாலையும் படிக்கலாமா?

கேள்வி: உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் படித்தேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரசாயனவியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. துணைப்பாடமாக நூதனசாலைக் கல்வியை எடுக்க ஆசை. அப்பாவோ, "பழைய சாமான் துடைக்கிறதுக்கா இவ்வளவு காசு கட்டிறது? கம்ப்யூட்டர் எடு" என்கிறார். என்ன செய்யட்டும்?
– ஒரு மாணவி, வெள்ளவத்தை

பதில்: எடுங்கள், மகள். நீங்கள் வரலாறு படிக்கிற பிள்ளையாக இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பேன். இரசாயனவியல் என்பதால் தயக்கமில்லை.

அப்பா சொன்ன 'துடைக்கிற' வேலையையே எடுத்துக்கொள்வோம். கொழும்பு தேசிய நூதனசாலையில் பொலனறுவைச் சிவாலயங்களில் கிடைத்த வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. நடராசரின் முன் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மண்ணுக்குள் கிடந்த வெண்கலத்தில் குளோரைட்டு ஊறியிருக்கும். வெளியே எடுத்து வைத்தபின், காற்றின் ஈரமும் ஒட்சிசனும் பட்டால் அது மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். வெளிர்பச்சைத் தூளாகப் புள்ளி புள்ளியாகப் பூக்கும். பூத்த இடத்தில் உலோகம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். இதற்கு வெண்கல நோய் என்றே பெயர். ஈரத்துணியால் துடைத்தால் நோய் கூடும். காற்றின் ஈரத்தைக் குறைத்து வைப்பதும், பென்சோட்ரையசோல் போன்ற சேர்மங்களால் அரிப்பைத் தடுப்பதும் இரசாயனவியல் தெரிந்தவர் கையில்தான் இருக்கிறது. கடற்காற்று வீசும் நம் ஊரில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் வந்தாலும் போதாது.

ஆனால் இரசாயனவியல் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. அதே நூதனசாலையில் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கல். அதிலுள்ள ஆண்டு 1409. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்லப்படுகிறது. 1911 இல் கண்டெடுத்தபோது அது ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்தது, எழுத்துள்ள பக்கம் கீழே பார்த்தபடி. இந்தக் கல்லை யாருடைய கதையாகச் சொல்வது, எந்த மொழியை முதலில் வைப்பது, பள்ளிப் பிள்ளை வந்து நின்றால் என்ன விளங்கவேண்டும் என்பதையெல்லாம் ஆய்வுகூடம் சொல்லித்தராது. நூதனசாலைக் கல்வி அதைத்தான் கற்பிக்கிறது. பொருள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் அதற்குள் வரும். கண்டி அரண்மனையிலிருந்து 1765 இல் ஒல்லாந்தர் கொண்டுபோன லெவ்கே பீரங்கியை நெதர்லாந்து 2023 இல்தான் திருப்பித் தந்தது.

அப்பாவிடம் கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமியைப் பற்றிச் சொல்லுங்கள். நூதனசாலை திறந்த அதே 1877 இல் கொழும்பில் பிறந்தவர். இலண்டனில் படித்தது புவிச்சரிதவியலும் தாவரவியலும். இங்கே கனிப்பொருள் அளவைக்குப் பணிப்பாளராக இருந்தவர், 1917 இல் பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்குப் போய்க் கடைசிவரை அங்கேயே பணியாற்றினார்.

வேலை விஷயத்தில் அப்பாவின் பயம் நியாயமானது. இலங்கையில் இந்தத் துறையில் பதவிகள் குறைவு. துணைப்பாடத்தை நம்பி மட்டும் யாரும் வேலை தரமாட்டார்கள். உங்கள் சோறு இரசாயனவியலில்தான். அதிலும் சேதன இரசாயனப் பாடங்களைக் கைவிடாதீர்கள். பொருட் பாதுகாப்பில் பட்டமேற்படிப்புக்குப் போகிறவர்களிடம் பல இடங்களில் அதைக் கேட்கிறார்கள். கணினி பிறகும் கற்கலாம்.

சேரும் முன் அந்தத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு இரண்டு விஷயம் கேளுங்கள். நூதனசாலை ஒன்றில் கைப்பயிற்சி கட்டாயமா? அதன் நேரம் உங்கள் ஆய்வுகூட வகுப்புகளோடு மோதுமா? பயிற்சியே இல்லை, வெறும் விரிவுரைதான் என்று பதில் வந்தால் அந்தத் துணைப்பாடத்தை விட்டுவிடுங்கள். விடுமுறைக்கு வரும்போது இங்குள்ள நூதனசாலை ஒன்றில் பயிலுநராகச் சேர அனுமதி கேட்டுப் பாருங்கள். நாலு வகுப்பைவிட அது மேல்.