புரொஜெக்டரில் படம் வருகிறது, சவுண்ட்பாரில் ஒலி இல்லை

வணக்கம். ஸ்ட்ரீமிங் பெட்டியைப் புரொஜெக்டரில் செருகி, அங்கிருந்து சவுண்ட்பாருக்கு எச்டிஎம்ஐ கேபிள் கொடுத்தும் ஒலி வரவில்லை என்றும், புளூடூத்தில் இணைத்தால் வசனம் உதட்டசைவுக்குப் பிந்துகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். கேபிளைக் குறை சொல்ல வேண்டியதில்லை. புரொஜெக்டரின் எச்டிஎம்ஐ போர்ட்டுகள் பெரும்பாலும் உள்வாங்க மட்டுமே செய்யும். போர்ட்டின் அருகே ‘ஏஆர்சி’ (ARC) அல்லது ‘இஏஆர்சி’ (eARC) என்று, அதாவது ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதியின் பெயர், அச்சிட்டிருந்தால்தான் ஒலி வெளியே வரும். உங்களுடையதில் 1, 2 என்று எண்கள் மட்டுமே இருப்பதால் அந்த வழி இல்லை.

சவுண்ட்பாரில் ‘எச்டிஎம்ஐ இன்’ தனியாக இருந்தால், பெட்டியை அதில் செருகி, ‘அவுட்’ போர்ட்டிலிருந்து புரொஜெக்டருக்குக் கேபிள் இழுப்பதே என் முதல் தேர்வு. இல்லையென்றால், எச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் (எச்டிஎம்ஐ சிக்னலிலிருந்து ஒலியைத் தனியே பிரித்துத் தரும் சிறு கருவி) ஒன்றைப் பெட்டிக்கும் புரொஜெக்டருக்கும் நடுவே வைத்து, அதிலிருந்து ஆப்டிகல் கேபிளை (ஒலியை ஒளியாகக் கடத்தும் கேபிள்) சவுண்ட்பாருக்குக் கொடுங்கள். எக்ஸ்ட்ராக்டரின் பக்கவாட்டில் சிறு சுவிட்ச் இருந்தால் அதை 5.1-க்கு (சரவுண்ட் ஒலிக்கான நிலை) தள்ளுங்கள், ‘பாஸ்’ நிலையில் விட்டால், ஸ்டீரியோ மட்டுமே ஏற்கும் புரொஜெக்டரைப் பார்த்துப் பெட்டியும் ஸ்டீரியோவையே அனுப்பிவிடும் (பலர் சவுண்ட்பாரைச் சந்தேகிப்பது இந்த இடத்தில்தான்). ஆப்டிகல் கேபிளில் டால்பி டிஜிட்டல் பிளஸ், அட்மாஸ் என்ற ஒலி வடிவங்கள் இரண்டும் செல்லாது என்பதால், பெட்டியின் ஒலி அமைப்பில் ‘டால்பி டிஜிட்டல்’ என்பதையே தேர்ந்தெடுங்கள்.