கணவர் ஆடிய ரக்பி கிளப் இப்போது இல்லை. இழப்பீடு யாரிடம் கேட்பது?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்துப் பெண். இங்கிலாந்துக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. கணவர் வெல்ஷ்காரர், வயது 41. இரண்டாம் பிரிவு கிளப் ஒன்றில் சம்பளத்துக்கு ரக்பி ஆடியவர், இரு அணியும் தோள்கோத்து முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில் முன்வரிசை. கழுத்துக் காயத்தால் 2017இல் விலகினார். அப்போது கிளப் நீட்டிய ஏதோ ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார். அந்தக் கம்பனியைப் பிறகு கலைத்துவிட்டார்கள். இப்போது பார்சல் வான் ஓட்டுகிறார். இரண்டு வருடமாக மறதி, காரணமில்லாத கோபம். சில வாரங்களுக்கு முன் மகளைக் கூட்டிவரப் போனவர், அவள் எப்போதோ படித்து முடித்த பழைய பள்ளியின் வாசலில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார். தலையில் திரும்பத் திரும்ப விழுந்த அடியால் வந்த டிமென்ஷியாவாக இருக்கலாம் என்று பிப்ரவரியில் நரம்பியல் மருத்துவர் கடிதம் தந்தார். "யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை, நானாகத்தான் ஆடினேன்" என்று சொல்லி வழக்கே வேண்டாம் என்கிறார். எங்களுக்கு ஏதாவது வழி இருக்கிறதா?

பதில்: சகோதரி, அந்தப் பிப்ரவரிக் கடிதத்தை முதலில் பத்திரப்படுத்துங்கள். உங்கள் வழக்கில் மிகப் பெறுமதியான காகிதம் அதுதான்.

உடற்காய வழக்குகளுக்கு இங்கிலாந்தில் காலவரம்பு மூன்று வருடம். அடி விழுந்த நாளிலிருந்து மட்டுமல்ல, பாதிப்பு பெரியது, அது இன்ன காரணத்தால் வந்தது, பொறுப்பாளி இன்னார் என்று அறிந்த நாளிலிருந்தும் எண்ணலாம் என்கிறது 1980ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம். ஆகவே 2017இல் விலகியவர் என்பதால் எல்லாம் முடிந்துபோயிற்று என்று நினைக்க வேண்டாம். ஆனால் எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. இரண்டு வருடத்துக்கு முன்பே ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) மறதி பற்றிச் சொல்லியிருந்தால் அந்தக் குறிப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்போதே தெரியும்" என்று வாதிடுவார்கள். காலம் கடந்த வழக்கை அனுமதிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டுதான். அதை நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து. பிப்ரவரியிலிருந்து மூன்று வருடம் என்று கணக்குப் போடாதீர்கள். இந்த மாதமே ஒரு சொலிசிட்டரை (வழக்கறிஞரை)ப் பாருங்கள்.

"நானாகத்தான் ஆடினேன்" என்ற உங்கள் கணவரின் சொல்லை நான் மதிக்கிறேன். முன்வரிசை ஆட்டக்காரர்கள் பலர் இப்படித்தான் பேசுவார்கள். ஆனால் அவர் சம்மதித்தது ஆட்டத்துக்கு. மண்டையில் அடிபட்டுத் தள்ளாடியவரைச் சரியாகப் பார்க்காமல் திரும்பவும் களத்துக்கு அனுப்புவதற்கோ, வாரம் முழுக்கப் பயிற்சியில் மோதவிட்டதற்கோ அவர் சம்மதம் கொடுக்கவில்லை. 1991இல் குத்துச்சண்டை மேடையில் மூளைக் காயம் பட்ட மைக்கேல் வாட்சனின் வழக்கில், களத்தருகே தகுந்த மருத்துவ ஏற்பாட்டை விதிக்காத குத்துச்சண்டை வாரியமே பொறுப்பு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. அதைவிட ஆபத்தான விளையாட்டு ஏது? அங்கேயே சம்மதம் என்ற வாதம் எடுபடவில்லை. வேல்ஸில் ஸ்க்ரம் சரிந்து ஓர் ஆட்டக்காரர் முடமான வழக்கில், 2003இல் வந்த தீர்ப்பில் நடுவர் மீதே பொறுப்பு விழுந்தது.

இப்போது கிளப். கம்பனி கலைந்தால் இழப்பீடும் கலைந்துவிட்டது என்று நம்பித்தான் எத்தனையோ குடும்பங்கள் வீட்டிலேயே இருந்துவிடுகின்றன. அது தவறு. வேலைக்கு ஆள் வைத்திருக்கும் எந்த நிறுவனமும் குறைந்தது 50 லட்சம் பவுண் அளவுக்குத் தொழிலாளர் காயக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் கடமை. சம்பள ஒப்பந்தத்தில் ஆடிய ரக்பிக்காரரும் தொழிலாளிதான். அவர் ஆடிய ஒவ்வொரு வருடமும் எந்தக் காப்புறுதிக் கம்பனி பொறுப்பேற்றிருந்தது என்பதைத் தேட, எல்டோ என்று சுருக்கமாகச் சொல்லும் தேடல் அலுவலகம் இருக்கிறது. கம்பனி திவாலாகியிருந்தால் காப்புறுதிக்காரர் மீது நேரடியாக வழக்குப் போட 2010ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிடுகிறது. பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கிவிட்டாலும், உடற்காய வழக்குக்காக அந்தக் கம்பனியைத் திரும்பப் பதிவேட்டில் ஏற்றும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்; அதற்கு ஆண்டு வரம்பு கிடையாது.

2017இல் போட்ட கையெழுத்தைப் பற்றிப் பதற வேண்டாம். இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் பலவற்றில், கையெழுத்திடும்போது தெரியாமல் இருந்த காயங்களை விலக்கி வைக்கும் ஒரு வரி இருக்கும். உங்களுடையதில் இருக்கிறதா என்று முழுப் பத்திரத்தையும் படித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

கிளப்போடு நிற்க வேண்டியதில்லை. 2020 டிசம்பரில், 2003 உலகக்கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தாம்சனும் வேல்ஸின் அலிக்ஸ் பாபமும் இன்னும் சிலரும் உலக ரக்பி அமைப்பு, இங்கிலாந்து, வேல்ஸ் ரக்பிச் சங்கங்கள் ஆகிய மூன்றுக்கும் எதிராகக் கிளம்பினார்கள். அந்தக் கோப்பையை வென்றதே தனக்கு நினைவில்லை என்று தாம்சன் சொன்னதை வாசித்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பின்னர் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தார்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். கவனக்குறைவையும், நோய்க்கும் அதற்கும் உள்ள தொடர்பையும் நிரூபிப்பது கடினம். இருந்தும் சேருவதா என்று ஒரு சொலிசிட்டரிடம் கேளுங்கள். தோற்றாலும், பொய் சொல்லாதவரை, உடற்காய வழக்கில் எதிர்த்தரப்பின் செலவு பொதுவாக உங்கள் தலையில் விழாது.

வீட்டில் பழைய கிளப் பை ஒன்று இருக்குமே, அதைத் தூக்கி எறியாதீர்கள். மேட்ச் புரோகிராம், பிசியோ குறித்த அட்டை, "நேற்று எதுவும் நினைவில்லை" என்று நண்பருக்கு அனுப்பிய வாட்ஸ்அப், உள்ளூர்ப் பத்திரிகையின் ஆட்டச் செய்தி எல்லாம் சாட்சி. அவரது மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு ஜிபிக்கும், கம்பனியைக் கலைத்த லிக்விடேட்டருக்கும், ரக்பிச் சங்கத்துக்கும் எழுதுங்கள். தரவுச் சட்டப்படி இலவசம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும்.

வழக்கு முடியும்வரை சாப்பாட்டுக்கு என்ன வழி என்று நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். அரசு தரும் பிப் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். வீட்டு வருமானத்தைப் பார்க்காமல், அன்றாட வாழ்வில் எவ்வளவு முடியாமலிருக்கிறது என்பதை வைத்துக் கொடுப்பது. அதோடு வேலை விபத்துக்கான இயலாமைத் தொகை. அதற்குக் குறிப்பிட்ட விபத்து வேண்டும். "பத்து வருடம் அடிபட்டேன்" என்றால் போதாது. இன்ன நாள், இன்ன ஆட்டத்தில் மயங்கி விழுந்தார் என்று காட்ட வேண்டும். இயலாமை பொதுவாக 14 சதவீதமோ அதற்கு மேலோ மதிப்பிடப்பட வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் பின்தேதியிட்டுத் தரமாட்டார்கள் என்பதால் ஒவ்வொரு வாரமும் காசு. ஆட்டக்காரர் சங்கத்தின் ரீஸ்டார்ட் அறக்கட்டளையிலும், பாபம் சேர்ந்து தொடங்கிய ஹெட் ஃபார் சேஞ்சிலும் உதவி கேளுங்கள். 30 முதல் 55 வயதுவரை உள்ள முன்னாள் உயர்நிலை ஆட்டக்காரர்களுக்கு லண்டனில் மூளைநலக் கிளினிக் ஒன்று நடக்கிறது. அவர் ஆடிய பிரிவு அதற்குப் பொருந்துமா என்றும் விசாரியுங்கள்.

வான் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டிமென்ஷியா என்று உறுதியானால் டிவிஎல்ஏவுக்கு (ஓட்டுநர் உரிம அலுவலகத்துக்கு)ச் சொல்வது சட்டக் கடமை. மறைத்தால் 1,000 பவுண் வரை அபராதம், விபத்து நடந்தால் காப்புறுதியும் கைவிடலாம். சொன்னவுடனே உரிமம் போய்விடும் என்றில்லை, மருத்துவ அறிக்கை பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். முதலாளிக்குத் தெரிவித்தால் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி நியாயமான மாற்று ஏற்பாடு கேட்கலாம். சுமை தூக்கும் கிடங்கிலேயே அவருக்கு வேலை கிடைக்கலாம்.

இறுதியாக ஒன்று, இது உங்களுக்குக் கசக்கும். அவருக்குப் புரிந்து முடிவெடுக்கும் திறன் இருக்கும்வரை வழக்கு அவருடையது. அவர் வேண்டாம் என்றால் நீங்கள் போட முடியாது. நாளை அந்தத் திறன் குறைந்தாலும், ஓடத் தொடங்கிய மூன்று வருடம் தானாக நிற்காது. ஆகவே சண்டை போடாமல் முதலில் அதிகாரப் பத்திரத்துக்குப் பேசுங்கள்; அவரால் முடியாதபோது அவருக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரம் அது. சொத்துக்கு ஒன்று, மருத்துவத்துக்கு ஒன்று என இரண்டு எழுதி, உங்கள் பெயரைப் போட்டுப் பதிவு செய்யலாம். திறன் போன பிறகு எழுத முடியாது. திறன் இழந்தவர்களின் விவகாரங்களைப் பார்க்கும் பாதுகாப்பு நீதிமன்றத்துக்கு அலைய வேண்டிவரும், செலவும் பலமடங்கு. கையெழுத்துப் போடும் நாளில் அவருக்கு நன்கு புரிகிறது என்று மருத்துவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் அவர் தெளிவாக இருப்பார் என்றால் காலை நேரத்துக்கே சந்திப்பு வையுங்கள்.