ட்யூபின் பின்பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கும்பகோணத்தில் ஒரு மெடிக்கல் ஷாப் கவுண்டரில் 27 வருடம் பார்மசிஸ்டாக நின்றவள் நான். மாய்ஸ்சரைசர் பற்றிக் கேட்டிருந்தேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. பலருக்கும் பொதுவாகப் பயன்படும் ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

நான் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க ஏசி. காலில் நகத்தால் கீறினால் வெள்ளையாகக் கோடு விழுகிறது. இரண்டு ட்யூப் பார்த்தேன். ஒன்று 100 கிராம் 180 ரூபாய். இன்னொன்று 50 கிராம் 640 ரூபாய், செராமைடு இருக்கிறது என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டின் பின்பக்கத்தையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். எதை வாங்கலாம் அக்கா? மலிவானதில் ஏதோ ஆல்கஹால் இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது.
(வாசகி, ஈரோடு)

பின்பக்கத்தை எழுதி அனுப்பினீர்களே, அதற்கே முதலில் ஒரு சபாஷ். அந்தப் பட்டியலில்தான் விஷயமே இருக்கிறது.

உங்கள் மலிவான ட்யூப்: தண்ணீர், கிளிசரின், லிக்விட் பாரஃபின், சீட்டோஸ்டியரில் ஆல்கஹால், டைமெத்திகோன், பீனாக்சிஎத்தனால். விலை கூடியது: தண்ணீர், கிளிசரின், கேப்ரிலிக் டிரைகிளிசரைடு, சீட்டரில் ஆல்கஹால், நியாசினமைடு, டைமெத்திகோன், பீனாக்சிஎத்தனால், செராமைடு என்பி, சோடியம் ஹயலுரோனேட், வாசனைப் பொருள்.

நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, எது அதிகமோ அது முதலில் வர வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். அந்த எல்லை எங்கே தொடங்குகிறது என்று ட்யூபில் எழுதியிருக்காது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பீனாக்சிஎத்தனால் என்பது கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. அதற்கு அனுமதி 1 சதவீதம் வரைதான். ஆகவே அந்தப் பெயருக்குப் பின்னால் வருவதெல்லாம் 1 சதவீதமோ அதற்கும் குறைவோதான். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் செராமைடு (தோலில் இயல்பாகவே உள்ள ஒரு கொழுப்பு) உங்கள் பட்டியலில் அதற்குப் பின்னால் இருக்கிறது, பாருங்கள். செராமைடு குறைந்த அளவில் சேர்ப்பதுதான் வழக்கம், அதனால் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் 640 ரூபாயில் பெரும்பகுதி அதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டு வாங்காதீர்கள்.

சரி, இந்தப் பெயர்களெல்லாம் என்ன செய்கின்றன? மழைக்காலத்தில் வெல்லம் தானாகக் கசிந்து ஈரமாகிறதல்லவா? காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் அது. கிளிசரின், யூரியா, ஹயலுரோனேட் மூன்றும் அந்த வகை. கிளிசரின் பழைய சரக்கு, விலையும் குறைவு, அதனால் விளம்பரத்தில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை உண்டு. உங்கள் இரண்டு ட்யூபிலும் தண்ணீருக்கு அடுத்து அதுதான் நிற்கிறது.

ஈரத்தை இழுத்தால் மட்டும் போதாது. பரோட்டாவுக்குப் பிசைந்த மாவின்மேல் எண்ணெய் தடவி மூடி வைக்கிறோமே, இல்லாவிட்டால் மேலே காய்ந்து வெடித்துவிடும். லிக்விட் பாரஃபின், டைமெத்திகோன், வெள்ளை பாரஃபின் (பெட்ரோலியம் ஜெல்லிதான் அது) எல்லாம் அப்படி மூடுபவை. இந்த வேலையில் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்சியது இல்லை. தோல்வழியே போகும் ஈரத்தை அது 98 சதவீதம் வரை தடுக்கும் என்று அளந்திருக்கிறார்கள். ராபர்ட் செஸ்பரோ என்ற அமெரிக்கர் 1872இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அன்றிலிருந்து இன்றுவரை அதற்கு மாற்றுத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மூன்றாவது வகை, தோலின் இடுக்குகளை நிரப்பி மிருதுவாக்குபவை. தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்கள் செங்கல், நடுவில் கொழுப்புச் சாந்து. அந்தச் சாந்தில் ஏறக்குறைய பாதி செராமைடுதான். மீதி கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். டிரைகிளிசரைடும், நீங்கள் பயந்த சீட்டோஸ்டியரில் ஆல்கஹாலும் இந்த இடுக்குகளை நிரப்பும் வேலையைச் செய்கின்றன. பெயரில்தான் ஆல்கஹால், பொருள் மெழுகு மாதிரி வெள்ளை வெள்ளையாக இருக்கும். தோலைக் காயவைப்பது 'ஆல்கஹால் டிநாட்' என்று எழுதியிருக்கும் சாராயம். அது பட்டியலின் முதல் ஐந்து பெயருக்குள் இருந்தால் வறண்ட தோல்காரர்கள் தொட வேண்டாம். இன்னொன்று கவனித்தீர்களா? விலை கூடிய ட்யூபிலும் சீட்டரில் ஆல்கஹால் இருக்கிறது. இரண்டும் ஒரே பொருள்தான், பெயர்தான் வேறு.

இப்போது கணக்கு. முதலாவது கிராம் 1 ரூபாய் 80 காசு. இரண்டாவது கிராம் 12 ரூபாய் 80 காசு. ஏழு மடங்கு. உங்கள் பிரச்சினை காலில். காலுக்கு நிறையப் போட வேண்டும், தினமும் போட வேண்டும். எனவே 180 ரூபாய் ட்யூபை வாங்குங்கள், தயங்காமல் தாராளமாகப் பூசுங்கள். முகத்தில் கரும்புள்ளி, எண்ணெய்ப்பசை என்று ஏதாவது இருந்தால் இரண்டாவதில் உள்ள நியாசினமைடு என்ற பி3 வைட்டமின் கொஞ்சம் உதவும். ஆனால் கடைசியில் வாசனைப் பொருள் இருக்கிறதே, அதை முகத்துக்கு நான் விரும்ப மாட்டேன். கிரீமால் வரும் ஒவ்வாமைக்கு வாசனைப் பொருள் ஒரு முக்கியக் காரணம். 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது போதும். என் மகளுக்கு 14 வயதில் ஒரு ரோஜா வாசனை கிரீமால் கண்ணிமை இரண்டும் வீங்கிப்போனது. இவ்வளவுக்கும் அதை வாங்கிக் கொடுத்தவள் நான். அன்றைக்குப் பிறகுதான் பட்டியலைக் கடைசிப் பெயர்வரை படிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் ஆச்சி ஆயுள் முழுக்கத் தேங்காய் எண்ணெய்தான் தேய்த்தார். தோல் பளபளவென்று இருந்தது. இந்த கிரீமெல்லாம் தேவைதானா?
(வாசகர், நாகர்கோவில்)

உங்கள் ஆச்சி செய்ததில் தவறே இல்லை. 2004இல் பிலிப்பைன்ஸில் தோல் வறட்சி உள்ளவர்களுக்கு ஒரு பரிசோதனை நடந்தது. ஒரு சாராருக்குத் தேங்காய் எண்ணெய், இன்னொரு சாராருக்கு மினரல் ஆயில், அதாவது லிக்விட் பாரஃபின். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. கை, கால், உடம்புக்குத் தாராளமாகத் தேய்க்கலாம்.

எண்ணெயில் தண்ணீரும் இல்லை, தண்ணீரை இழுக்கும் கிளிசரினும் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். காய்ந்த தோலில் தேய்த்தால் காய்ந்ததை மூடிய கதைதான். குளித்துத் துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் இருக்கும்போதே தேய்க்க வேண்டும். ஆச்சி அப்படித்தான் தேய்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

முகத்தில் பரு வருபவர்கள் தேங்காய் எண்ணெயைத் தவிர்ப்பது நல்லது, துவாரங்களை அடைக்கக்கூடியது அது. பொடுகும், மூக்கோரத்தில் செதில் உதிர்வதும் உள்ளவர்களும் அந்த இடங்களில் தேய்க்க வேண்டாம். அங்கே வளரும் ஒருவகைப் பூஞ்சைக்குத் தோலில் உள்ள கொழுப்புதான் தீனி. அப்புறம், குழந்தைக்கு நல்லது என்று சிலர் ஆலிவ் எண்ணெய் வாங்குகிறார்கள். அதில் ஒலியிக் அமிலம் அதிகம். அது தோலின் காப்பைப் பலவீனமாக்குகிறது என்று 2013இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. கைக்குழந்தைக்கு, அதிலும் கரப்பான் உள்ள குழந்தைக்கு, நான் அதைத் தர மாட்டேன்.

பாரபென் இல்லாதது என்று போட்டிருந்தால்தான் வாங்குகிறேன். புற்றுநோய் வரும் என்கிறார்களே?
(வாசகி, சென்னை)

பாரபென் என்பது கிரீம் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. 2004இல் இங்கிலாந்தில் ஒரு ஆய்வு, மார்பகக் கட்டித் திசுவில் பாரபென் இருப்பதைக் காட்டியது. கட்டி அதனால்தான் வந்தது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. கட்டி இல்லாத திசுவோடு ஒப்பிடவும் இல்லை. பயம் அங்கிருந்துதான் பரவியது. அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2019இல் பாரபெனை அந்த ஆண்டின் 'ஒவ்வாமை தராத பொருள்' என்றே அறிவித்தது. பாரபெனுக்குப் பதிலாக வந்தவற்றில் ஒன்றான மெத்தில்ஐசோதயசோலினோன் பலருக்கு ஒவ்வாமை தந்து, 2017 முதல் ஐரோப்பாவில் கழுவாமல் விடும் கிரீம்களில் தடைசெய்யப்பட்டது. பட்டியலில் தேட வேண்டிய பெயர் அதுதான். தண்ணீர் உள்ள எந்த கிரீமுக்கும் கெடாமல் காக்க ஏதாவது ஒன்று வேண்டும். அது இல்லாமல் வீட்டில் செய்து விற்பவர்களிடம் வாங்கும்போதுதான் நான் பயப்படுவேன்.

அம்மாவுக்கு 72 வயது. இரவெல்லாம் கால் அரிக்கிறது என்கிறார். குதிகாலில் பித்தவெடிப்பும் இருக்கிறது. கிரீம் வாங்கித் தந்தும் பலன் இல்லை. ஒரு ட்யூப் ஒரு மாதம் வருகிறது.
(வாசகி, மதுரை)

ஒரு ட்யூப் ஒரு மாதம் வருகிறது என்றீர்களே, பலன் இல்லாததற்குக் காரணம் அங்கேயே இருக்கிறது. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை கிரீமைப் பிதுக்கினால் அரை கிராம். ஒரு காலுக்கும் பாதத்துக்கும் சேர்த்து அப்படி எட்டு முறை வேண்டும். இரண்டு காலுக்கு 8 கிராம். காலையும் இரவும் என்றால் 16 கிராம். 100 கிராம் ட்யூப் ஒரு வாரத்தில் தீர்ந்துவிட வேண்டும். அதனால்தான் வயதானவர்களுக்கு விலை கூடிய கிரீமை நான் சொல்வதே இல்லை. விலைக்குப் பயந்து மிளகளவு பூசுவார்கள். வெள்ளை பாரஃபினும் லிக்விட் பாரஃபினும் கலந்த, வாசனையில்லாத சாதாரண கிரீம் பெரிய டப்பாவில் கிடைத்தால் அதை வாங்குங்கள்.

வெந்நீரை வெதுவெதுப்பாக்குங்கள். சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதத்தோடு நிறுத்துங்கள். தோலின் அமிலத்தன்மை பிஹெச் 5 அளவில் இருக்கும். சாதாரணச் சோப்பு 9, 10, அதாவது காரம். வயதான தோல் அதைத் தாங்காது. குளித்து மூன்று நிமிடத்துக்குள் கிரீம் பூசிவிட வேண்டும்.

குதிகாலுக்கு அது போதாது. யூரியா 10 முதல் 20 சதவீதம் உள்ள கிரீம் கேளுங்கள். சதவீதம் ட்யூபிலேயே எழுதியிருக்கும். குறைந்த அளவில் யூரியா ஈரத்தைப் பிடிக்கும், 20க்கு மேல் தடித்த தோலை இளக்கி உரிக்கும். இரவில் கால்மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பூசி, பருத்திக் காலுறை போட்டுவிடுங்கள். ரத்தம் தெரியும் வெடிப்பில் யூரியா சுரீர் என்று எரியும். அங்கே வெறும் பெட்ரோலியம் ஜெல்லி வைத்து ஆறவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் நீங்களாக எதுவும் செய்யாமல் காலை டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் அரிப்பு அடங்காவிட்டாலும் காட்டுங்கள், ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம்.

ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து மறக்காதீர்கள். இந்த வகை கிரீம் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். துவைத்தாலும் முழுதாகப் போகாது. 2018இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காகவே எச்சரித்தது. அம்மா அடுப்படியில் நிற்பவர், விளக்கேற்றுபவர் என்றால் கிரீம் ஒட்டிய சேலையோடு நெருப்பருகே போகவிடாதீர்கள்.

கல்லூரியில் படிக்கிறேன். தோழி சொன்னாள் என்று மெடிக்கலில் ஒரு ட்யூப் வாங்கி மாய்ஸ்சரைசரோடு கலந்து முகத்தில் போட்டேன். இரண்டே வாரத்தில் முகம் வெளுத்துப் பளிச்சென்று ஆனது. நான்கு மாதம் போட்டு நிறுத்தியதும் முகம் சிவந்து எரிகிறது, பரு, மெல்லிய முடி. மறுபடி போட்டால் சரியாகிறது. பட்டியலில் மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் என்று இருக்கிறது. எந்த மாய்ஸ்சரைசர் போட்டால் இது சரியாகும்?
(வாசகி, திருநெல்வேலி)

அம்மாடி, இது மாய்ஸ்சரைசரால் சரியாகும் விஷயம் இல்லை. மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று எழுதியிருந்தாலும் அதே இனம்தான். நீங்கள் போட்ட, இந்த மூன்றும் கலந்த கிரீம், மங்குவுக்காக டாக்டர் குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரும் மருந்து. மாதக்கணக்கில் முகத்தில் போட்டால் தோல் மெலியும், ரத்தக்குழாய் தெரியும், முடி முளைக்கும். நிறுத்தினால் எரியும். எரிகிறதே என்று மறுபடி போடுவார்கள். உங்களுக்கு நடப்பது இதுதான்.

இது உங்கள் தவறு மட்டும் இல்லை. 2018இலேயே இத்தகைய பல ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அரசு இறுக்கியது. அப்படியும் விற்கிறார்கள். எத்தனையோ பிள்ளைகளைச் சீட்டு கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் அடுத்த கடைக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை எனக்கு இன்னும் இருக்கிறது.

இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, செலவும் இல்லை. எப்படி நிறுத்துவது, இடையில் என்ன கொடுப்பது என்று அவர்தான் சொல்ல வேண்டும். சரியாகச் சில மாதங்கள் ஆகலாம், மனம் தளராதீர்கள். அதுவரை முகத்தில் கிளிசரினும் பாரஃபினும் உள்ள, வாசனையில்லாத கிரீம் மட்டும். நியாசினமைடு, வைட்டமின் சி, எலுமிச்சை, கடலை மாவு ஒன்றும் வேண்டாம். வெயிலில் குடை பிடியுங்கள். அந்த ட்யூபைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் எடுத்துப் போய்ப் பின்பக்கத்தைக் காட்டுங்கள். தோழியையும் கூடவே கூட்டிப் போங்கள்.