சென்னையில் பழைய பல்கலைக்கழக நூலகத்தைப் புதுப்பித்த பிறகு புத்தகங்களை எப்போது, எப்படித் திரும்ப அடுக்குவது?

பெயின்ட் வேலை முடிந்ததுமே திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். பழைய செங்கல் சுவரில் ஏறும் ஓதம் சுண்ணாம்புக் காரை வழியாக வெளியேறும். அதன்மேல் சிமென்ட் பூசி எமல்ஷன் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு உதிரும். பழுது பார்ப்பதையும் சுண்ணாம்பிலேயே பாருங்கள். காய நாளாகும், வேறு வழியில்லை.

அறையில் ஈரப்பதம் அளக்கும் ஹைக்ரோமீட்டர் வையுங்கள். ஈரப்பதம் தொடர்ந்து 60 சதவீதத்துக்குக் கீழே நின்றால்தான் புத்தகம் உள்ளே வரலாம். 65-ஐத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். கடற்காற்று அடிக்கும் ஊரில் ஏசியோ, காற்றின் ஈரத்தை எடுக்கும் டீஹியூமிடிஃபயரோ இல்லாமல் இது நடக்காது. பகலில் மட்டும் ஏசி போட்டு இரவில் அணைப்பது இன்னும் மோசம்: குளிர்ந்து கிடக்கும் அட்டைகள்மேல் வெளிக்காற்றின் ஈரம் படியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் புத்தகம் ஏற்றவே வேண்டாம்.

கொஞ்சம் வரலாறும் பார்ப்போம். சென்னைப் பல்கலைக்கழக நூலகம் முதலில் எழும்பூர் கன்னிமாரா கட்டடத்தில் இருந்தது. 1936-இல் மெரினா எதிரே சேப்பாக்கத்தில் உள்ள இப்போதைய கட்டடத்துக்கு வந்தது. மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் அதன் நூலகர் ஆனார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் வளரும் உயிரி என்பது. அடுக்குகிறவர்கள் மறப்பதும் அதைத்தான். 90 செ.மீ. தட்டில் 65, 70 செ.மீ. வரை நிரப்பினால் போதும். முழுக்க நிரப்பினால், புதிதாக நான்கு புத்தகம் வந்தாலும் வரிசை முழுவதையும் நகர்த்த வேண்டும்.

பெட்டி கட்டும் முன்பே ஒவ்வொரு பிரிவின் நீளத்தையும் டேப்பால் அளந்து, மூன்றில் ஒரு பங்கு கூட்டி, எந்த ரேக்கில் எந்த அழைப்பெண் (புத்தகத்தின் இடத்தைக் காட்டும் எண்) தொடங்கும் என்று காலி ரேக்கிலேயே சீட்டு ஒட்டிவிடுங்கள். பெட்டி 15 கிலோவைத் தாண்டக் கூடாது. வெளியே பெட்டியின் வரிசை எண்ணோடு, உள்ளே இருக்கும் முதல், கடைசிப் புத்தகங்களின் அழைப்பெண்ணும் இருக்கட்டும். கிடங்கில் முதல் பெட்டி அடியில் போய்விடும், இறக்கும்போது கடைசிப் பெட்டிதான் முதலில் வரும். ஆகவே எண் பார்த்துத் தரையில் பரப்பிவிட்டுப் பிறகு அடுக்குங்கள்.

ரேக்கைச் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி வையுங்கள், அடித்தட்டு தரையிலிருந்து 10 செ.மீ. மேலே இருக்கட்டும், கரையான் ஏறினால் கண்ணில் படும். மாடியில் ரேக் போடுவதாக இருந்தால் கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்காமல் போடாதீர்கள். 2.2 மீட்டர் உயரம் வரையிலான புத்தக ரேக் அறைக்கே சதுர மீட்டருக்கு 6 கிலோநியூட்டன், அதாவது சுமார் 600 கிலோ, சுமையை இந்தியத் தரநிலை கணக்கிடச் சொல்கிறது. வகுப்பறைக்காகக் கட்டிய தளம் அவ்வளவு தாங்காது.