கனெர்வாவின் 18 புள்ளிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கால்பந்துப் பயிற்சியாளர்களைப் பற்றி எழுதியபோது, பெரிய ஆட்டக்காரர்தான் பெரிய கோச் ஆவார் என்று எந்தச் சட்டமும் இல்லை என்று சொல்லி, போகிற போக்கில் ஃபின்லாந்து தேசிய அணியின் கோச்சாக இருந்த மார்க்கு கனெர்வா பெயரையும் சொல்லியிருந்தீர்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதை வைத்துப் பெரிய சண்டையே நடந்துவிட்டது. "அவர் என்ன செஞ்சார்? டீமு புக்கி கோல் போட்டார், இவர் பேர் வாங்கினார். டென்மார்க்கை ஜெயிச்சதுகூட எரிக்சன் விழுந்ததால் வந்த அதிர்ஷ்டம். கடைசியில் 6 ஆட்டத்துல 6-ம் தோத்துட்டுப் போனவர்தானே" என்கிறார் ஒரு நண்பர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த அணி தோற்றபோதும் பார்க்கப் பிடித்திருந்தது, அவ்வளவுதான் தெரியும். கொஞ்சம் விரிவாக எழுதுவீர்களா? அவர்களுடைய எந்த ஆட்டத்தை முழுசாக உட்கார்ந்து பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோ 2020-ன் தகுதிச்சுற்றில் ஃபின்லாந்து 10 ஆட்டங்களில் அடித்தது 16 கோல். அதில் புக்கி ஒருவரே 10. இங்கிலாந்து கிளப்பான நார்விச்சில் அதற்கு முந்தைய சீசனில் 29 லீக் கோல் அடித்து வந்த கை சூட்டோடு ஆடினார். அவர் இல்லாமல் அந்த வருடம் இல்லை.

ஆனால் அதே 10 ஆட்டங்களைத் தற்காப்புப் பக்கமிருந்து எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு வெற்றி, நான்கு தோல்வி, ஒரு டிராகூடக் கிடையாது. ஜெயித்த ஆறும் இப்படி: 2-0, 2-0, 2-0, 1-0, 3-0, 3-0. ஜெயித்த ஒரு ஆட்டத்திலும் கோல் வாங்கவில்லை. வாங்கிய 10 கோலும் தோற்ற நான்கு ஆட்டங்களில்தான். புக்கிக்கு ஒன்றோ இரண்டோ அடித்தால் போதும் என்ற நிலைமையைப் பின்னால் இருந்தவர்கள் உண்டாக்கித் தந்தார்கள். அந்தப் பின்வரிசை கனெர்வா கட்டியது. அதில் புக்கிக்குப் பங்கில்லை.

கனெர்வா ஆட்டக்காரராக யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1964-ல் ஹெல்சிங்கியில் பிறந்தவர். ஊர் கிளப்பான எச்.ஜே.கே.யில் ஆடி லீக் பட்டங்கள் வென்றார், சுவீடனில் எல்ஃப்ஸ்போரி அணிக்கு ஆடினார், தேசிய அணிக்கு 59 ஆட்டம். மரியாதையான கணக்கு. ஆனால் ஃபின்லாந்துக்கு வெளியே யாரும் அவர் போஸ்டரைச் சுவரில் ஒட்டியிருக்க மாட்டார்கள். படிப்பால் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். வகுப்பில் நின்று பாடம் எடுத்த மனிதர். பத்திரிகைகளுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய் ஒவ்வொரு கட்டுரையிலும் 'வாத்தியார்' என்று எழுதித் தீர்த்தார்கள். நானும் அதையே அரைத்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

ஆட்டக்காரர் பெரியவர் என்றால் அதே நாட்டில் சாமி ஹூபியா இருக்கிறார். லிவர்பூலில் 10 சீசன், 2005-ல் சாம்பியன்ஸ் லீக், நாட்டுக்காக 100-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். பயிற்சியாளராக லெவர்குசனில் ஆரம்பம் பிரமாதம். இன்னொருவருடன் சேர்ந்து பொறுப்பேற்று 2013-ல் அணியை ஜெர்மன் லீக்கான புண்டஸ்லிகாவில் மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். மறு சீசனில் தனியாகப் பொறுப்பு வகித்தபோது ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்து பிரைட்டன், ஆறே மாதம். பிறகு சூரிக், அங்கேயும் ஒரு சீசன் முடியுமுன் வெளியே. இதிலிருந்து 'பெரிய ஆட்டக்காரர் கோச் ஆகக்கூடாது' என்று விதி எழுத வேண்டாம். போன இடத்திலெல்லாம் அவருக்கு மாதக்கணக்கில்தான் அவகாசம் கிடைத்தது. கனெர்வாவுக்குக் கிடைத்தது வருடக்கணக்கு. அந்த வருடங்களை அவர் எப்படிச் சம்பாதித்தார் என்பதுதான் எனக்கு இதில் சுவாரசியமான இடம்.

2004-ல் 21 வயதுக்குட்பட்டோர் அணியை எடுத்துக்கொண்டார். 2009-ல் அந்த அணி ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது, அந்த வயதுப் பிரிவில் ஃபின்லாந்துக்கு அதுவே முதல்முறை. சுவீடனில் மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. இங்கிலாந்தோடு 1-2, ஜெர்மனியோடு 0-2, ஸ்பெயினோடு 0-2. ஃபின்லாந்து அடித்த ஒரே கோல் டிம் ஸ்பார்வின் பெனால்ட்டி. 12 வருடம் கழித்து பெரியவர்களின் யூரோவுக்குப் போன அணிக்கு கேப்டன் அதே ஸ்பார்வ். ரைட்டாலா, டொய்வியோ இருவரும்கூட கனெர்வாவின் அந்த 21 வயது அணியில் ஆடி வந்தவர்களே. எந்தப் பையன் அழுத்தத்தில் பந்தை அவசரமாக விடுவான், எவனுக்கு இடது பக்கம் திரும்ப வராது என்பதெல்லாம் மீசை முளைக்காத நாளிலிருந்து பார்த்த ஆளுக்கு எழுதிவைக்காமலே தெரியும்.

சரி, உடனே பெரிய அணியைக் கொடுத்தார்களா என்றால், இல்லை. 2011-ல் தற்காலிகமாக உட்கார வைத்தார்கள், பிறகு மிக்சு பாட்டெலைனென் வந்தார், கனெர்வா துணை. 2015 ஜூனில் பாட்டெலைனெனை நீக்கியதும் மறுபடி தற்காலிகம். இந்த முறை நான்கு ஆட்டம் நடத்தினார். கிரீஸை அவர்கள் ஊரிலேயே 1-0, ஃபாரோ தீவுகளை 1-0, ருமேனியாவிலும் வடக்கு அயர்லாந்தோடும் 1-1. நான்கிலும் தோல்வியில்லை. கால்பந்துச் சங்கம் என்ன செய்தது? சுவீடன்காரரான ஹான்ஸ் பாக்கேயிடம் அணியைக் கொடுத்துவிட்டு இவரை மறுபடி துணையாக்கியது. பாக்கே 2016 முழுவதும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. வருடக் கடைசியில்தான் கனெர்வாவின் முறை வந்தது. நம்மூர் அரசு அலுவலகத்தில் 'இன்சார்ஜ்' என்றே காலம் தள்ளுகிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

ஃபின்லாந்து என்ற சுமையைச் சொல்லாமல் இது புரியாது. உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றில் அவர்கள் 1930-களிலேயே ஆடியவர்கள். அன்றிலிருந்து 2019 வரை ஆண்கள் அணி உலகக்கோப்பைக்கும் போனதில்லை, யூரோவுக்கும் போனதில்லை. லிட்மனென், ஹூபியா, யாஸ்கெலைனென் எல்லாரும் ஒரே காலத்தில் இருந்தும் போகவில்லை. 1997 அக்டோபரில் ஹெல்சிங்கியில் ஹங்கேரியோடு 1-0 முன்னிலை, ஜெயித்திருந்தால் பிளே-ஆஃப் வாய்ப்பு. கூடுதல் நேரத்தில் ஒரு கார்னர், கோலுக்கு முன் நெரிசல், பந்து சொந்த ஆட்கள் மேலேயே பட்டு உள்ளே போனது. 1-1. ஃபின்லாந்துக்காரர்கள் இன்றும் அந்த வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்து வயிறு எரிகிறார்கள். 'ஆந்தைகள்' என்ற செல்லப்பெயர் வந்ததும் 2007-ல் தவறவிட்ட ஒரு தகுதிச்சுற்றின்போதுதான். பெல்ஜியத்தோடு ஆடும்போது பெரிய கோட்டான் ஒன்று மைதானத்துக்குள் பறந்துவந்து கோல் கம்பத்தில் உட்கார்ந்து ஆட்டத்தையே நிறுத்திவிட்டது. அந்த ஆட்டத்தை ஜெயித்தார்கள், தகுதி கிடைக்கவில்லை. ஆந்தைக்கு மட்டும் அந்த வருடத்தின் சிறந்த ஹெல்சிங்கிக் குடிமகன் பட்டம் கிடைத்தது.

இந்தச் சரித்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்ட ஒரு அணியிடம் 'அழகாக ஆடுங்கள்' என்று கனெர்வா சொல்லவில்லை. தன் ஆட்களால் எது முடியாது என்பதைத் துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்ததுதான் அவருடைய திறமை என்பது என் கட்சி. பந்தை வைத்துக்கொண்டு எதிரணியைத் திறக்க முடியாது, சரி, பந்தை அவர்களிடமே கொடுத்துவிடலாம். நான்கு பேர் வரிசை இரண்டு, நடுவில் இடைவெளி விடாமல் நெருக்கமாக நிற்பது, பந்து கைக்கு வந்ததும் இரண்டு மூன்று பாஸில் புக்கி. ஐரோப்பியத் தேசிய அணிகள் ஆடும் நேஷன்ஸ் லீக்கில், 2018-ல், முதல் நான்கு ஆட்டமும் ஒரு கோல்கூட வாங்காமல் ஜெயித்து, கடைசி இரண்டைத் தோற்றும் பிரிவில் முதலிடம் பிடித்தார்கள். 2019 நவம்பர் 15, ஹெல்சிங்கியில் லிக்டன்ஸ்டைனை 3-0 என்று வென்றபோது யூரோ உறுதியானது. விசில் ஊதியதும் ரசிகர்கள் மைதானத்துக்குள் கொட்டினார்கள்.

(ஒரு இடைச்செருகல். 2017 அக்டோபரில் ரியேகாவில் குரோஷியாவை 1-1 என்று நிறுத்தினார்கள். 90-வது நிமிடத்தில் சமன் செய்த கோல், தேசிய அணிக்கு அன்றுதான் முதல்முறை இறங்கிய பைரி சொய்ரியுடையது. மறுநாள் குரோஷியா தன் பயிற்சியாளரை நீக்கிவிட்டு டாலிச்சைக் கொண்டுவந்தது. அடுத்த கோடையில் டாலிச் அவர்களை உலகக்கோப்பை இறுதிப்போட்டி வரை கூட்டிப் போனார். குரோஷியாக்காரர்கள் சொய்ரிக்கு ஒரு சாப்பாடாவது வாங்கித் தந்திருக்க வேண்டும்.)

இனி டென்மார்க் ஆட்டம். 2021 ஜூன் 12, கோபன்ஹேகன். ஒரு வருடம் தள்ளிப்போன யூரோ 2020, ஃபின்லாந்தின் முதல் பெரிய போட்டி, முதல் ஆட்டம். முதல் பாதி முடியப்போகும் நேரத்தில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று விழுந்தார். காத்திருந்த நேரத்தில் ஃபின்லாந்து ரசிகர்கள் 'கிறிஸ்டியன்' என்று குரல் கொடுக்க, டென்மார்க் ரசிகர்கள் 'எரிக்சன்' என்று முடித்தார்கள். அவர் மருத்துவமனையில் நினைவோடு இருக்கிறார் என்று தெரிந்த பிறகு, அன்றிரவே ஆட்டம் தொடர்ந்தது. 60-வது நிமிடத்தில் உரோனென் இடப்பக்கமிருந்து கிராஸ் போட, போஹ்யன்பாலோ தலையால் முட்டினார். ஓடிவந்த சகாக்களைக் கைகாட்டி அடக்கிவிட்டார், கொண்டாடவில்லை. பிறகு டென்மார்க்கின் ஹொய்பியர் அடித்த பெனால்ட்டியை ஃபின்லாந்து கோல்கீப்பர் ஹ்ராடெட்ஸ்கி பிடித்தார். 1-0. அன்று முழுக்க ஃபின்லாந்து கோலை நோக்கி அடித்தது அந்த ஒரே ஒரு முறைதான்.

அதிர்ஷ்டமா என்றால், அந்த இரவில் டென்மார்க்காரர்கள் ஆடும் மனநிலையிலேயே இல்லை, அதை யாரும் மறுக்க முடியாது. அந்த வெற்றியைக் கனெர்வாவின் சாதனைப் பட்டியலில் முதலில் வைப்பது எனக்கும் ஒப்பவில்லை. அதற்கு ஏழு மாதம் முன்பு, ஆளில்லாத ஸ்டாட் டி ஃப்ரான்ஸில் உலகச் சாம்பியன் பிரான்ஸை 2-0 என்று வென்றதை வைக்கலாம். அது நட்பு ஆட்டம்தான், பிரான்ஸ் முழுப் பலத்தோடு இறங்கவில்லைதான். ஆனால் ஃபின்லாந்தின் இரண்டு கோலையும் அடித்த ஃபார்ஸ், வலக்காரி இருவருக்கும் அது முதல் ஆட்டம். யூரோவில் அடுத்து ரஷ்யாவிடம் 0-1, பெல்ஜியத்திடம் 0-2. பெல்ஜியத்தோடு 70 நிமிடத்துக்கும் மேல் தாக்குப்பிடித்து, கடைசியில் பந்து கம்பத்தில் பட்டு ஹ்ராடெட்ஸ்கியின் கையிலிருந்தே உள்ளே போனது. 1997-ஐ நினைத்து எத்தனை பேர் தலையில் அடித்துக்கொண்டார்களோ.

அதன் பிறகு நடந்ததில் உங்கள் நண்பர் பக்கம் நியாயம் கூடுகிறது. கத்தார் உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றில் பிரான்ஸ், உக்ரைனுக்குப் பின்னால் மூன்றாமிடம். யூரோ 2024 தகுதிச்சுற்றைப் பாருங்கள், அதிலும் 10 ஆட்டம், ஆறு வெற்றி, நான்கு தோல்வி, டிரா இல்லை, 18 புள்ளிகள். அச்சு அசலாகப் பழைய கணக்கு. 2019-ல் அந்த 18 இரண்டாமிடமும் அதோடு யூரோ வாய்ப்பும் தந்தது. இந்த முறை டென்மார்க்கும் ஸ்லோவேனியாவும் 22 எடுத்ததால் மூன்றாமிடம். ஆக 2019-ல் பிரிவு அமைந்த விதமும் கைகொடுத்தது என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். ஆனால் ஃபின்லாந்தும் பழைய ஃபின்லாந்து இல்லை. சொந்த மண்ணில் கஜகஸ்தானிடம் முன்னிலையில் இருந்துவிட்டு 1-2 என்று தோற்றார்கள். பழைய அணியாக இருந்தால் 1-0 ஆனதும் கதவைச் சாத்தியிருக்கும். பிளே-ஆஃபில் கார்டிஃபில் வேல்ஸிடம் 1-4. பிறகு 2024 நேஷன்ஸ் லீக், இங்கிலாந்து, கிரீஸ், அயர்லாந்து என்று ஆறு ஆட்டம், ஆறு தோல்வி, அடித்தது இரண்டே கோல். அத்தோடு அவருடைய காலம் முடிந்தது. அடுத்து டென்மார்க்கைச் சேர்ந்த யாக்கோப் ஃப்ரீஸ் வந்தார்.

என்னைக் கேட்டால் வேல்ஸ் தோல்வியன்றே விலகியிருக்க வேண்டும். ஸ்பார்வ் ஓய்வு பெற்று, புக்கிக்கும் வயதாகி, அந்தத் தலைமுறை கலைந்துவிட்டிருந்தது. சின்ன வயதிலிருந்து தான் பார்த்து வளர்த்த ஆட்களின் பலவீனம் வரை அறிந்திருந்ததுதான் அவருடைய மூலதனம். புதிதாக வந்தவர்களோடு அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவர்களை வைத்து வேறு மாதிரி ஆட வைக்க முயன்றார், பிடிபடவில்லை. இதைச் சொல்லியும் உங்கள் நண்பர் '6-ல் 6 தோல்வி' என்றே நின்றால் விட்டுவிடுங்கள், குழு உடையாமல் இருப்பது முக்கியம்.

பார்க்க வேண்டிய ஆட்டம் எது என்றால், டென்மார்க் ஆட்டம் வேண்டாம், அதை ஆட்டமாகப் பார்க்க முடியாது. 2019 ஜூனில் டாம்பெரேயில் பாஸ்னியாவை 2-0 என்று வென்றதைத் தேடிப் பிடியுங்கள். இரண்டு கோலும் புக்கிதான், உங்கள் நண்பருக்கும் திருப்தி. ஆனால் கோல்களுக்காகப் பார்க்காதீர்கள். பந்து பாஸ்னியாவிடம் இருக்கும் நேரமெல்லாம் ஸ்பார்வ் எங்கே நிற்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். முதல் பாதி முடிவதற்குள் உங்களுக்கே பிடிபட்டுவிடும். இணையத்தில் கிடைக்கும் 3 நிமிட ஹைலைட்ஸில் அது ஒரு நொடிகூட வராது, முழு ஆட்டமாகத்தான் தேட வேண்டும்.

அன்புடன்.