அலுமினிய வள்ளம்: ரிவெட்டா, வெல்டிங்கா?

கேள்வி: அண்ணா, கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறேன். மூன்று வருடமாகக் கரையில் நின்றுதான் தூண்டில் போடுகிறேன், இந்தக் கோடையில் பழைய அலுமினிய வள்ளம் ஒன்று வாங்க யோசனை. சிம்கோ ஏரிக்கும், முடிந்தால் ஈரி ஏரிக்கும் கொண்டுபோக ஆசை. ரிவெட் அடித்தது (தகடுகளைத் தலையுள்ள உலோக ஆணிகளால் இணைத்தது) அலையில் கழன்று ஒழுகும், வெல்டிங் செய்ததையே (தகடுகளைச் சூட்டில் பற்றவைத்ததையே) வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். 14 அடி ரிவெட் வள்ளம் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. ரிவெட்டுக்காகச் சொல்லவில்லை, அந்த 14 அடிக்காகச் சொல்கிறேன். ஈரி ஏரி பேரேரிகள் ஐந்திலும் ஆழம் குறைந்தது, சராசரி 19 மீட்டர்தான், மேற்குப் பக்கம் அதிலும் குறைவு. ஆழமில்லாத தண்ணீரில் காற்று எழுப்பும் அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன் பின் ஒன்றாக நெருக்கி வரும். சின்ன வள்ளம் ஓர் அலையில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது முன்பக்கத்தில் அறைந்துவிடும். 16 அடிக்குக் குறையாமல் பாருங்கள், ஈரிக்குப் போவது உறுதி என்றால் 18 அடி.

அப்புறம் வள்ளத்தின் பின்னால் போய்க் குனிந்து அடியைப் பாருங்கள். முன்பக்கம் எல்லா வள்ளமும் கத்தி மாதிரித்தான் இருக்கும். பின்னால் வரும்போது தட்டையாகிவிட்டால் அலையில் இடுப்பு கழன்றுவிடும், 'வி' வடிவம் பின்வரைக்கும் வர வேண்டும். என்ஜின் மாட்டும் பின்பலகை 15 அங்குல உயரத்திலும் வரும், 20 அங்குலத்திலும் வரும். உங்களுக்கு 20தான், ஏனென்றால் பின்னால் வரும் அலை அந்த வழியாகத்தான் உள்ளே ஏறும்.

சரி, ரிவெட் விஷயம். நண்பர்கள் சொல்வது பாதி உண்மை, பல வருடம் அலையில் அடிவாங்கிய ரிவெட் தளரத்தான் செய்யும். ஆனால் மினசோட்டாவின் லண்ட் நிறுவனம் 1948இலிருந்து இருக்கிறது, அவர்களுடைய ரிவெட் வள்ளங்கள் இந்தப் பெரிய ஏரிகளில்தான் ஓடுகின்றன. வெல்டிங் சூட்டில் பற்றவைத்த இடத்தை ஒட்டிய அலுமினியம் பலம் குறையும், அதனால் தடித்த தகடு போடுவார்கள், எடை கூடும். தளர்ந்த ரிவெட்டை இரண்டு பேர் சேர்ந்து வீட்டு முற்றத்திலேயே இறுக்கலாம்: ஒருவர் வெளியே ரிவெட் தலையில் கனமான இரும்புக்கட்டியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளே சுத்தியலால் தட்ட வேண்டும். வெல்டிங் விரிந்தால் அலுமினியம் பற்றவைக்கத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டும்.

வாங்குமுன் ட்ரெய்லரில் இருக்கும்போதே தண்ணீர் வடியும் துளையில் அடைப்பானைப் போட்டு உள்ளே நாலு விரல் உயரம் தண்ணீர் விடச் சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம், பாரம் ட்ரெய்லருக்கு ஆகாது. அரைமணி கழித்து அடியில் படுத்துப் பாருங்கள். என் முதல் வள்ளத்தில் நடு இருக்கைக்கு நேர் கீழே வரிசையாக ஏழு ரிவெட், ஒவ்வொன்றின் தலையைச் சுற்றியும் வியர்வை மாதிரி ஒரு வளையம், ஏழிலும் கரிக்கோலால் வட்டம் போட்டுவிட்டுத்தான் விலை பேசினேன். ஏழெட்டு என்றால் பயமில்லை. தகட்டிலேயே ரிவெட்டிலிருந்து ரிவெட்டுக்கு வெடிப்பு ஓடினால் அந்த வள்ளம் வேண்டாம். என்ஜினின் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், பின்பலகை சேர்ந்து அசைந்தால் உள்ளே இருக்கும் ப்ளைவுட் உக்கிவிட்டது.

எத்தனை பேர், எவ்வளவு பாரம், எத்தனை குதிரைத்திறன் என்று உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டை வாசியுங்கள், அதை மீறாதீர்கள். காற்று 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) தாண்டும் என்றால் வானிலை அறிவிப்பில் பலத்த காற்று எச்சரிக்கை வரும், நான் 15 என்றாலே வள்ளத்தை இறக்குவதில்லை. ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் சட்டப்படி இருந்தே ஆக வேண்டும், இருந்தால் மட்டும் போதாது தம்பி, போட்டுக்கொள்ளுங்கள். மே மாதத் தண்ணீரில் விழுந்தவருக்குக் குளிரில் கைவிரல் மடங்காது, பிறகு எடுத்துப் போட முடியாது.

கேள்வி: ஒழுகும் ரிவெட்டை எடுத்துவிட்டு, கடையில் விற்கும் பாப் ரிவெட் (ஒரு பக்கத்திலிருந்தே அடிக்கும் ரிவெட்) அடித்தால் என்ன? (மிசிசாகா வாசகர்)

பதில்: சாதாரண பாப் ரிவெட்டின் நடுவில் துளை இருக்கிறது, அது வழியாகவே தண்ணீர் வரும். நீர்மட்டத்துக்குக் கீழே துளையில்லாத முழு ரிவெட் அடியுங்கள், உள்ளே கை நுழையாத இடமானால் முனை மூடிய பாப் ரிவெட்டைக் படகுக்கென்று விற்கும் நீர்புகாப் பசை தடவி அடியுங்கள். பழைய துளை அகன்றிருந்தால் ஓர் அளவு பெரியதாக வாங்குங்கள்.